குற்றாலத்தில் கைதான ஆசிரியர்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கல்லூரிக் காலத்துக் கதைகளை எழுத நமக்குள்ளே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்ததைப் பற்றியும் அவர்கள் நன்றாகவே எழுதுவார்கள், நாம் வேறு ஏதாவது எழுதுவோமே என்று தோன்றியது. இந்தக் கல்லூரியை விட்டுப் போன பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த முப்பது வருஷமும் ஒரு மனிதரை ஒரு மார்க் கேள்வியாகவே கடந்து போயிருக்கிறேன். 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கியவர் யார்? விடை: ஜி. சுப்பிரமணிய ஐயர். அவ்வளவுதான். பிள்ளைகள் எழுதுவார்கள், நான் டிக் போடுவேன், அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். பாடத்திட்டம் அவருக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவே. ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் பற்றி நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, இந்த மனிதருக்கு ஒரு மார்க் போதாதே என்று தோன்றிற்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

திருவையாற்றுப் பையன்

தஞ்சை ஜில்லா திருவையாற்றில் 1855 ஜனவரி 19-ல் பிறந்தவர் சுப்பிரமணிய ஐயர். தகப்பனார் கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தஞ்சாவூரில் படித்துவிட்டு, சென்னைக்குப் போய் ஆசிரியர் பயிற்சி பெற்று, பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து பி.ஏ. தேறினார். நம்மில் எத்தனையோ பேர் தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தானே! அந்தச் சிரமம் நமக்குப் புரியும்.

அந்த நாளில் சென்னை மாகாணம் எப்படி இருந்தது தெரியுமா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம்ம பக்கத்துக் கிழவிகள் கூட தாது வருஷம் என்று சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். அப்படிச் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பஞ்சம் முடிந்தும் முடியாமலும் இருந்த அந்த நேரத்தில் திருவல்லிக்கேணியில் சில வாலிபர்கள் ஒரு இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுப்பிரமணிய ஐயரும் அவருடைய நண்பர் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். மற்ற நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

1878-ல் டி. முத்துசாமி ஐயரைச் சென்னை ஹைகோர்ட் நீதிபதியாக நியமித்தார்கள். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். தெருவிளக்கில் படித்தவர் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோமே, அவரேதான். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இதைப் பொறுக்க மாட்டாமல் எழுதித் தள்ளின. பதில் எழுதலாம் என்றால் நம்மவர்களுக்கென்று ஒரு பத்திரிகை கிடையாது. அப்படியானால் நாமே ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று இந்த ஆறு பேரும் துணிந்தார்கள்.

கையில் காசு இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20-ல் வாரப் பத்திரிகையாக 'ஹிந்து' வெளிவந்தது. அச்சடித்தது எண்பது பிரதிகள்! நம்ம கல்லூரியில் ஒரு வகுப்புக்குக் கூடக் காணாது. ஆசிரியருக்கு வயது இருபத்துமூன்று. இறுதியாண்டு படிக்கும் மாணவச் செல்வங்களே, உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்.

சட்டம் படித்த நால்வரும் பிறகு தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் இரண்டு ஆசிரியர்கள். ஐயர் எழுதினார். வீரராகவாச்சாரியார் கணக்கு வழக்கையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். பத்திரிகை 1883-ல் வாரம் மும்முறை ஆயிற்று, 1889 ஏப்ரலில் நாளிதழ் ஆயிற்று.

பத்திரிகையிலிருந்து அரசியலுக்கு

தேர்தலும் கட்சியும் இல்லாத காலத்தில் அரசியல் பண்ணுவதற்கு வேறு என்ன வழி? பத்திரிகைதான் வழி. அடிமைப்பட்ட தேசங்கள் எல்லாவற்றிலும் இதுதான் கதை. தூரத்து வியட்நாமைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோன் நகரில் 1923-ல் நுயென் ஆன் நின் என்ற வாலிபர் 'கீறல் விழுந்த மணி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கி, தானே தெருவில் கூவி விற்றார். அவரும் ஆளவந்தோரின் மொழியான பிரெஞ்சிலேதான் எழுதினார். காரணம், பிரெஞ்சுப் பத்திரிகைக்கு அங்கே முன் அனுமதி தேவையில்லை, தாய்மொழிப் பத்திரிகைக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். பலமுறை சிறை சென்ற அவர் 1943-ல் பூலோ கொண்டோர் தீவுச் சிறையிலேயே உயிர் விட்டார். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அந்தச் சைகோனில் கடை வைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கதை அவ்வளவு தூரத்துக் கதையாகத் தோன்றாது.

இந்தியாவிலும் அதே பயம்தான். 1878-ல், 'ஹிந்து' பிறந்த அதே வருஷம், லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் பத்திரிகைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. இங்கிலீஷில் திட்டினால் படித்த பத்துப் பேருக்குத்தான் தெரியும், தாய்மொழியில் திட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற கணக்கு. ரிப்பன் பிரபு 1882-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். அதே 1882-ல் சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். இங்கிலீஷ் பத்திரிகை நன்றாகக் காலூன்றி வருகிற நேரம். அதோடு நின்றிருந்தால் சென்னையில் பெரிய மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் சர்க்காரோடு வாதாட இங்கிலீஷ் போதும், சனங்களோடு பேசத் தமிழ் வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். அரசியலையும் பொருளாதாரத்தையும் தமிழில் எழுதுவதற்கு அன்றைக்குச் சொற்களே பழக்கத்தில் இல்லை. எழுதி எழுதித்தான் பழக்கவேண்டியிருந்தது. 1899-ல் 'சுதேசமித்திரன்' நாளிதழாயிற்று. தமிழின் முதல் நாளிதழ் என்று அதைத்தான் சொல்கிறோம். இன்று அந்தப் பத்திரிகை இல்லை. ஆனால் காலையில் டீக்கடையில் நீங்களும் நானும் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு முதல் விதை அதுதான்.

1884-ல் நண்பர்களுடன் சேர்ந்து சென்னை மகாஜன சபையை நிறுவினார். மறு வருஷம் டிசம்பர் 28-ல் பம்பாயில் காங்கிரஸின் முதல் மகாநாடு. வந்திருந்த பிரதிநிதிகள் 72 பேர். அந்த மகாநாட்டில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நமது திருவையாற்று வாத்தியார்தான். இந்திய நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ராயல் கமிஷன் வைக்கவேண்டும், அதில் இந்தியர்களுக்கும் போதிய இடம் வேண்டும் என்பது தீர்மானத்தின் சாரம். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஆளுகிறவனைப் பார்த்துக் கணக்குக் கேட்பது என்பது அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்குள்ளே வந்த சோதனை

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர் என்று நினைக்கிறேன்.

மேடையில் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. விதவா விவாகம் வேண்டும் என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய்க் கால் அலம்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஐயருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவருடைய சொந்த மகளே பால்ய விதவை ஆகிவிட்டாள். வயது பதின்மூன்று. விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, பெண்கள் மூலையில் இருந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருத்தர் இருந்தார். என் பாட்டியின் அக்கா. விளையாடுகிற வயசில் தாலி ஏறி, அது என்னவென்று தெரிவதற்குள் இறங்கியும் விட்டதாம். நான் சிறுவனாகப் பார்த்தபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். கொல்லைப்புறத்து அறைதான் அவருக்கு உலகம். ஆடிப்பூரத் தேர் நிலையை விட்டுக் கிளம்புகிறபோது ஊரே ரத வீதியில் நிற்கும். அவர் மட்டும் யார் கண்ணிலும் படாமல் தூண் மறைவில் நின்று கும்பிடுவார். எல்லோரும் அவரிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள், ஆனாலும் ஒரு கல்யாணப் பந்தலில் அவரை முன்வரிசையில் உட்கார வைக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஆண்டாள் பிறந்த ஊரிலேயே இந்த நிலைமை. ஆகவே ஐயரின் மகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கிழவியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஐயர் என்ன செய்தார்? 1889 டிசம்பரில் காங்கிரஸ் பம்பாயில் கூடிய சமயம், மகளை அங்கே அழைத்துப்போய் மறுமணம் செய்து வைத்தார். ஒளித்துச் செய்யவில்லை, தேசத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் கூடியிருந்த நேரத்தில் செய்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநாலு.

ஊர் சும்மா இருக்குமா? சாதிக்கட்டுப்பாடு செய்தார்கள். உறவு முறை விலகிற்று. நல்லது கெட்டதுக்கு வரப்போக இல்லாமல் ஒதுக்கி வைத்தார்கள். அவருடைய அரசியலை மெச்சிய கனவான்களே வீட்டு வாசலை மிதிக்கத் தயங்கினார்கள். நம் பக்கத்து ஊர்களில் ஊர்விலக்கம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இது பத்திரிகையையும் பாதித்தது. சந்தாதாரர்களில் பெரும்பாலோர் பழைய ஆசாரத்தில் ஊறியவர்கள். சீர்திருத்தத்தைப் பற்றி ஐயர் எழுதுகிற வேகம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மானநஷ்ட வழக்குச் செலவுகள் வேறு. கடன் ஏறிற்று. இருபது வருஷம் ஒன்றாக வண்டி இழுத்த இரண்டு நண்பர்களுக்குள் அபிப்பிராய பேதம் முற்றி, 1898-ல் ஐயர் 'ஹிந்து'விலிருந்து விலகிக்கொண்டார். ஒன்றே முக்கால் ரூபாய் கடனில் அவரும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. வீரராகவாச்சாரியார் தனியாக நடத்தி, முடியாமல், 1905-ல் கஸ்தூரிரங்க ஐயங்காருக்கு விற்றார். ஐயரின் கையில் மிஞ்சியது 'சுதேசமித்திரன்' மட்டும்தான். நாற்பத்துமூன்று வயதில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே 1898-ல்தான் நம்ம ராஜபாளையத்தில் பூ.ச. குமாரசாமி ராஜா பிறந்தார் என்பதைக் காலக்கணக்குக்காகச் சொல்லி வைக்கிறேன். பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்து, தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த அந்தப் பெரியவர் தலைமுறைக்குப் பாதை போட்டவர்கள் இவர்கள்.

பஞ்சும் துணியும்

ஐயர் வெறும் மேடைப் பேச்சாளர் அல்ல. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். இந்தியாவின் வரவு செலவைப் பற்றி விசாரிக்க வெல்பி கமிஷன் அமைந்தபோது, 1897-ல் லண்டனுக்குப் போய்ச் சாட்சியம் சொன்னார். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் சாட்சியம் சொன்னார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற காலம் அது. அதற்கு முன்பே ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு அதில் என்ன பயம்!

பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903-ல் இங்கிலீஷில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நிலவரி குடியானவனை எப்படி அரிக்கிறது, கைத்தொழில்கள் எப்படி அழிந்தன, இந்தியப் பணம் எந்தெந்த வழியாகக் கடல் தாண்டிப் போகிறது என்பதுதான் அவர் விடாமல் எழுதிய விஷயம். பஞ்சத்துக்கு வானத்தைக் குற்றம் சொல்லாதே, வரியைப் பார், வறுமையைப் பார் என்பது அவர் கட்சி. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம்முடைய கரிசலில் விளைந்த பஞ்சு அன்று தூத்துக்குடியில் கப்பலேறி லங்காஷையருக்குப் போய், அங்கே துணியாகித் திரும்பி வந்தது. விளைவித்தவன் கோவணத்தோடு நின்றான். பஞ்சு மார்க்கெட்டும் மில் சங்கும் உள்ள ஊராக ராஜபாளையம் ஆனது பிற்காலத்தில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது 1936-ல். நம் பஞ்சை நாமே நூற்கவேண்டும் என்று ஐயர் போன்றவர்கள் எழுதிய காலத்துக்கு ஒரு தலைமுறை தள்ளி.

மதுரையிலிருந்து ஒரு தமிழ்ப் பண்டிதர்

இன்னொரு காரியத்துக்காகவும் தமிழர்கள் ஐயருக்கு நன்றி சொல்லவேண்டும். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் ஒரு தற்காலிகத் தமிழ்ப் பண்டிதர் இருந்தார். மூன்று மாசத்து வேலை. எட்டயபுரத்துக்காரர். வயது இருபத்தொன்று. அவரைச் சென்னைக்கு அழைத்துப்போய் 'சுதேசமித்திரன்' உதவி ஆசிரியராக உட்கார வைத்தவர் சுப்பிரமணிய ஐயர். அந்த வாலிபர்தான் பாரதியார்! தலைவர்களின் பிரசங்கங்களையும் தந்திச் செய்திகளையும் இங்கிலீஷிலிருந்து தமிழாக்கும் வேலை. நாள்தோறும் நேரத்துக்கு முடித்தாக வேண்டும். தெளிவாகவும் எளிமையாகவும் உரைநடை எழுதப் பாரதியார் பழகியது அந்த மேஜையில்தான் என்றால் அது மிகையாகாது. இரண்டு வருஷத்துக்குள் ஐயரின் நிதானம் போதவில்லை என்று பாரதியார் 'இந்தியா' பத்திரிகைக்குப் போனார். ஆனால் வங்காளப் பிரிவினைக்குப் பிறகு ஐயரும் நிதானக்காரராக இருக்கவில்லை. கெஞ்சிக் கேட்டது போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஜில்லா ஜில்லாவாகச் சுற்றித் தமிழில் பேசினார். சுதேசி பேசினார். ஐம்பது வயதுக்கு மேலே ஒருவர் மேலும் தீவிரமானவராக மாறுவது லேசான காரியமா? வயசு ஏற ஏற நாமெல்லாம் பென்ஷனையும் பிரஷர் மாத்திரையையும்தான் பார்க்கிறோம்.

1908

1908-ஆம் வருஷத்தை நம் பக்கத்து ஆட்கள் மறக்கக்கூடாது. அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாவே கிடையாது, அது பிறந்தது 1910-ல். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ராஜபாளையமும் அந்தத் தாலுகாவுக்குள்தான். ஆக, நடந்ததெல்லாம் நம்ம ஜில்லாவில் நடந்தது.

தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மார்ச் 12-ல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டது. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம். பிறகு அப்பீலில் குறைந்தது. இவற்றையெல்லாம் மூடி மறைக்காமல் எழுதிய பத்திரிகைகள் மேல் சர்க்காரின் பார்வை திரும்பிற்று. ஆகஸ்டில் 'இந்தியா' பத்திரிகையின் பெயரளவு ஆசிரியரைப் பிடித்தார்கள். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார்.

சுப்பிரமணிய ஐயர் அந்தச் சமயம் எங்கே இருந்தார் தெரியுமா? நம்ம குற்றாலத்தில்! அவருக்குத் தீராத தோல் வியாதி. உடம்பெல்லாம் புண். சாரல் காற்றும் அருவித் தண்ணீரும் குணம் தரும் என்று வந்து தங்கியிருந்தார். அங்கே வைத்து ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். ராஜபாளையத்திலிருந்து ரெண்டு மணி நேரத்தில் பஸ்ஸில் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிற ஊர் நமக்கு அது. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை கூட வராத காலம், அது வந்தது 1927-ல். சாரல் அடிக்கிற ஆகஸ்ட் மாசத்தில், புண்பட்ட உடம்போடு ஒரு பத்திரிகை ஆசிரியரை அங்கேயிருந்து போலீஸார் கொண்டுபோனார்கள் என்று குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

எழுதிக் கொடுத்த உறுதி

இதற்கு மேல் நடந்ததைப் பல பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தலைவர்களைப் பற்றி மலரில் எழுதும்போது மாலை போட்டு முடித்துவிடுவது வழக்கம். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை.

சிறையில் அவருடைய உடல்நிலை மோசமாயிற்று. அரசியல் கிளர்ச்சியில் ஈடுபடுவதில்லை என்று உறுதி எழுதிக் கொடுத்து, வழக்கிலிருந்து விடுபட்டு வெளியே வந்தார். அதன் பிறகு 'சுதேசமித்திரன்' குரலும் தாழ்ந்தது. கோயமுத்தூர் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்துக்கொண்டிருந்த அதே காலம் அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு கொஞ்சம் கஷ்டப்படத்தான் செய்யும். அன்றைக்கும் வருந்தியவர்கள் உண்டு.

இதை நான் பலநாள் யோசித்துப் பார்த்தேன். நோயாளி, பாவம் என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. பாரதியாரும் 1918-ல் கடலூரில் கைதாகி, நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு விடுதலையானவர்தான். அதற்காகப் பாரதியை யாராவது குறைவாக நினைக்கிறோமா? மனிதர்களுக்குத் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. அந்த எல்லை சிலருக்குச் செக்கடி வரைக்கும் போகிறது, சிலருக்குச் சிறை வாசலில் முடிகிறது. ஐயர் சிறைவாசலில் வளைந்தார். ஆனால் அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பு, சொந்த ஜனங்கள் அத்தனை பேரும் எதிர்த்து நின்றபோது, மகள் விஷயத்தில் அவர் வளையவில்லை. சர்க்காரை எதிர்த்தால் ஜனங்கள் மாலை போடுவார்கள். ஜனங்களையே எதிர்த்தால் யார் மாலை போடுவார்? அந்த இரண்டாவது துணிச்சல்தான் அபூர்வம் என்பது என் கட்சி. உங்களில் வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் விழா அன்று என்னைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம்.

கடைசிக் காலம்

நோய் முற்றிக்கொண்டே போயிற்று. புண்ணும் வலியுமாக இருந்த நிலையிலும் எழுதுவதை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. 1915-ல் 'சுதேசமித்திரன்' ஏ. ரங்கசாமி ஐயங்கார் கைக்கு மாறிற்று. அதே வருஷம் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். நோயில் கிடந்த ஐயரைத் தேடிப் போய்ப் பார்த்து, அவர் உடம்பில் வடிந்த சீழைத் தன் துணியாலேயே துடைத்தார் என்று சொல்வார்கள். ஊர் தொடத் தயங்கிய மனிதர் அவர், முதலில் சாதிக்கட்டுப்பாட்டால், பிறகு வியாதியால். 1916 ஏப்ரல் 18-ல் காலமானார். வயது அறுபத்தொன்று.

கணக்குப் பார்த்தால் ஐயரிடம் மிஞ்சியது என்ன? 'ஹிந்து' அன்றே கைமாறிவிட்டது. 'சுதேசமித்திரன்' அவர் இருக்கும்போதே கைமாறி, பிற்காலத்தில் நின்றும் போயிற்று. சொத்து சேர்க்கவில்லை. ஆனால் ஆளுகிறவனிடம் கணக்குக் கேட்கிற தமிழ் உரைநடை என்று ஒன்று இருக்கிறதே, அது இன்றைக்கும் இருக்கிறது. இன்றும் காலையில் பேப்பர் படித்துவிட்டு, இந்த ரோட்டுக்கு ஒதுக்கின பணம் எங்கேப்பா போச்சு என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்கிறாரே, அவருக்குத் தெரியாமலே அவர் ஐயரின் பேரப்பிள்ளை.

மாணவச் செல்வங்களுக்கு

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு அந்த ஒரு மார்க் விடையை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரி நூலகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்து இவர் வாழ்க்கையைத் தேடிப் படியுங்கள். அடுத்த தடவை சீசனுக்குக் குற்றாலம் போகும்போது கூட வருகிற நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் துறையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையாவது தொடங்குங்கள். எண்பது பிரதிகூட வேண்டாம், எட்டுப் பிரதி போதும். அதில் இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் எழுதட்டும், ஆனால் வீட்டில் அம்மாவும் அத்தையும் படிக்கிற மாதிரி தமிழிலும் எழுதுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எல்லோரும் பிள்ளை குட்டி பெற்று, பேரன் பேத்தியும் எடுத்தவர்கள். ஆனால் நம் வீடுகளிலும் சோதனை வரத்தான் செய்கிறது. மகள் ஒரு முடிவு எடுக்கிறாள், மருமகள் விதவையாகிறாள், பேத்தி தனக்குப் பிடித்தவனைச் சொல்கிறாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி உடனே வாசலில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில், 1889-லேயே அந்த நாலு பேரை எதிர்த்து நின்ற ஒரு தகப்பனார் இருந்தார் என்பது ஞாபகத்தில் இருந்தால் நல்லது.

மலர் சிறக்கவும், சந்திப்பு இனிதே நடக்கவும் வாழ்த்துகிறேன். விழா அன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வழக்கம்போல் பால்கோவாவோடு வந்துவிடுவோம். மற்றவை நேரில்.